கேட்காமல் உடைத்த குளியலறை, கீழ்வீட்டில் ஒழுகும் நீர்: செலவு யார் தலையில்?

மூன்றாம்மாடி | திங்கள், இரவு 9:40

அனைவருக்கும் வணக்கம். சென்னை மேடவாக்கத்தில் 2006-இல் கட்டி முடித்த, 24 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் எனக்கு ஒரு வீடு இருக்கிறது. வேலை காரணமாக நான் ஓசூரில் இருப்பதால், இரண்டு ஆண்டுகளாக அதை வாடகைக்கு விட்டிருக்கிறேன். மாத வாடகை 18,000 ரூபாய், அட்வான்ஸ் 54,000 ரூபாய். குடியிருப்பவர் வாடகையை ஒரு மாதம்கூடத் தாமதித்ததில்லை; அவரைப் பற்றி வேறு எந்தக் குறையும் எனக்கு இல்லை.

நான்கு மாதங்களுக்கு முன், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், வீட்டுக்குள் இருக்கும் பொதுக் குளியலறையில் இருந்த இந்தியக் கழிப்பறைப் பீங்கானைப் பெயர்த்துவிட்டு வெஸ்டர்ன் கழிப்பறை வைத்திருக்கிறார். அதற்காகத் தரையை உடைத்து, புது டைல்ஸும் பதித்திருக்கிறார். அடுத்த மாதமே இரண்டாம் மாடி வீட்டின் குளியலறைக் கூரையில் நீர் சொட்டத் தொடங்கியிருக்கிறது. 15 நாட்களுக்குள் சரிசெய்ய வேண்டும் என்று குடியிருப்பின் உரிமையாளர் சங்கத்திலிருந்து எனக்குக் கடிதம் வந்த பிறகுதான் நடந்ததெல்லாம் எனக்குத் தெரிந்தது.

குளியலறை முழுவதையும் உடைத்து மறுபடி கட்ட 74,000 ரூபாய் ஆகும் என்கிறார் ஒப்பந்ததாரர். கீழ்வீட்டுக் கூரைப் பூச்சுக்கும் வண்ணத்துக்கும் தனியாக 21,000 ரூபாய். குடியிருப்பவரோ, தாம் 46,000 ரூபாய் செலவழித்து என் வீட்டை மேம்படுத்தியிருப்பதாகவும், ஒழுகலுக்குக் கட்டடத்தின் வயதே காரணம் என்றும் சொல்கிறார். அனுமதியில்லாமல் செய்த வேலைக்கு நான் ஏன் பொறுப்பேற்க வேண்டும்? அட்வான்ஸ் முழுவதையும் பிடித்துக்கொண்டு, மீதியையும் அவரிடமே கேட்க எனக்கு உரிமை உண்டா?

கறார்பேர்வழி | திங்கள், இரவு 10:15

இதில் யோசிக்க ஒன்றுமில்லை. அந்த வீட்டுக்குப் போகும் தண்ணீர் வால்வை மூடச் சொல்லுங்கள். இரண்டே நாளில் பணம் வந்துவிடும்.

முன்னாள்செயலாளர் | செவ்வாய், காலை 6:50

முந்தைய யோசனையை எந்தக் காரணத்துக்காகவும் செய்துவிடாதீர்கள். குடியிருப்பவரின் தண்ணீரையோ மின்சாரத்தையோ நேரடியாகவோ பிறர் மூலமாகவோ நிறுத்தக் கூடாது என்று வாடகைச் சட்டமே தடுக்கிறது. நீங்கள் வால்வை மூடிய மறுகணம், நியாயம் முழுவதும் அவர் பக்கம் போய்விடும்.

நான் எங்கள் குடியிருப்பில் ஆறு ஆண்டுகள் செயலாளராக இருந்தவன். இதுபோன்ற ஒழுகல் தகராறுகளைப் பத்துக்கு மேல் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றிலும் உரிமையாளர்கள் செய்யும் முதல் தவறு ஒன்றே: இரண்டு தனித்தனிக் கணக்குகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வது. கீழ்வீட்டாருக்கும் சங்கத்துக்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டியது ஒரு கணக்கு. உங்களுக்குக் குடியிருப்பவர் பதில் சொல்ல வேண்டியது வேறொரு கணக்கு. சங்கத்தின் பதிவேட்டில் உறுப்பினராக இருப்பவர் நீங்கள், பராமரிப்புக் கட்டணம் உங்கள் பெயரில் வருகிறது, துணை விதிகள் கட்டுப்படுத்துவதும் உங்களைத்தான். உங்கள் வீட்டில் யார் குடியிருக்கிறார், அவர் யாரைக் கேட்டு எதை உடைத்தார் என்பதெல்லாம் கீழ்வீட்டாருக்குத் தேவையில்லாத விவரங்கள். அவர் விரும்பினால் உங்கள் குடித்தனக்காரர் மீதும் கவனக்குறைவுக்காக வழக்குத் தொடரலாம் என்பது உண்மைதான். ஆனால் அவர் முதலில் வந்து தட்டுவது உங்கள் கதவைத்தான்.

ஆகவே சங்கத்தின் கடிதத்துக்கு இன்றே எழுத்தில் பதில் அனுப்புங்கள். "நான் செய்யவில்லை" என்று எழுத வேண்டாம். "காரணத்தைக் கண்டறிந்து இன்ன தேதிக்குள் சரிசெய்கிறேன்" என்று மட்டும் எழுதுங்கள். யார் செலவு என்பதை அதில் இழுக்காதீர்கள்.

வாடகைவாசி | செவ்வாய், காலை 8:30

பதினோரு ஆண்டுகளாக நான்கு வாடகை வீடுகளில் வாழ்ந்தவன் என்ற முறையில் ஒரு கேள்வி. யாரும் சும்மா இருக்கும்போது 46,000 ரூபாயை இன்னொருவர் வீட்டுக் கழிப்பறையில் கொட்ட மாட்டார்கள். உடைப்பதற்கு முன்பு அவர் உங்களிடம் எதுவும் சொல்லவே இல்லையா? உங்கள் வாட்ஸ்அப்பை மேலே தள்ளிப் பார்த்துவிட்டு மனச்சாட்சியோடு எழுதுங்கள். பல உரிமையாளர்களின் அகராதியில் "கேட்கவில்லை" என்பதற்கு, "கேட்டார், நான் பதில் சொல்லவில்லை" என்று பொருள்.

மூன்றாம்மாடி | செவ்வாய், பகல் 1:05

உங்கள் கேள்வி குத்தினாலும் பதில் சொல்லத்தான் வேண்டும். பழைய செய்திகளைத் தேடிப் பார்த்தேன். சென்ற ஆண்டு ஆடி மாதத்தில், குளியலறைச் சுவரின் கீழ்ப்பகுதியில் ஓதம் அடித்துப் பூச்சு உதிர்வதாக ஒரு படம் அனுப்பியிருக்கிறார். நான் "பார்க்கலாம் சார்" என்று எழுதியிருக்கிறேன். மூன்று மாதம் கழித்து, தம் தாயாருக்கு முழங்கால் வலியால் கீழே உட்கார்ந்து எழ முடியவில்லை என்றும், வெஸ்டர்ன் கழிப்பறை வைத்துத் தர முடியுமா என்றும் கேட்டிருக்கிறார். அதற்குக் கட்டைவிரலை உயர்த்திய ஒரு குறியை மட்டும் அனுப்பியிருக்கிறேன். படித்துவிட்டேன் என்ற பொருளில்தான் அதைப் போட்டேன் என்று நினைவு. சம்மதம் என்ற எண்ணம் எனக்கு இருக்கவில்லை.

வாடகை ஒப்பந்தத்தில், "உரிமையாளரின் எழுத்து மூலமான ஒப்புதலின்றி வீட்டில் எந்த மாற்றமும் செய்யக் கூடாது" என்று தெளிவாக இருக்கிறது. ஆனால் அந்த ஒப்பந்தம் பதினோரு மாதத்துக்குப் போட்டது. அதன் பிறகு நாங்கள் புதுப்பிக்கவில்லை, பதிவும் செய்யவில்லை.

சட்டம்படித்தவர் | செவ்வாய், மாலை 7:20

இப்போதுதான் வழக்கின் உண்மையான உருவம் தெரிகிறது. இது பொதுவான விளக்கம்தான். உங்கள் ஆவணங்களைக் கண்ணால் பார்த்த வழக்கறிஞரின் ஆலோசனைக்கு ஈடாகாது.

தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீங்கி, 2017-ஆம் ஆண்டின் நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் இரண்டாம் அட்டவணை, எந்தப் பழுதை யார் பார்க்க வேண்டும் என்று பிரித்துக் கொடுத்திருக்கிறது. கட்டமைப்புப் பழுதுகள், சுவருக்கு வெள்ளையடிப்பது, தேவைப்படும்போது குழாய்களை மாற்றுவது, மின்கம்பி இணைப்புகளைப் பார்ப்பது ஆகியவை உரிமையாளர் தலையில் விழும். குழாய்த் திருகின் வாஷர், கழிப்பறைப் பழுது, கைகழுவும் தொட்டி, கீசர், சுவிட்ச், தாழ்ப்பாள், சன்னல் கண்ணாடி போன்றவை குடியிருப்பவர் தலையில். கட்டமைப்புப் பழுது குடியிருப்பவர் செய்த சேதத்தால் வந்தது என்றால், அது உரிமையாளர் பட்டியலிலிருந்து நீங்கிவிடும். இந்த விதிவிலக்கில்தான் உங்கள் தகராறு முழுவதும் அடங்கியிருக்கிறது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. கழிப்பறையைப் பழுதுபார்ப்பது அவர் கடமைதான். ஆனால் இந்தியக் கழிப்பறையை எடுத்துவிட்டு வெஸ்டர்ன் வைப்பதும், தரையை உடைத்து டைல்ஸ் மாற்றுவதும் பழுதுபார்ப்பு ஆகாது, மாற்றம் ஆகும். மாற்றத்துக்கு ஒப்புதல் வேண்டும். மறுபுறம், சுவரில் ஓதம் அடிக்கிறது என்று அவர் படம் அனுப்பினாரே, அது குழாய்க் கசிவாக இருந்தால் அதைப் பார்ப்பது உங்கள் கடமை. அங்கே "பார்க்கலாம் சார்" என்று நழுவியவர் நீங்கள்.

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 108-ஆம் பிரிவும் ஏறக்குறைய இதே தராசைத்தான் பிடிக்கிறது. உரிமையாளர் செய்யக் கடமைப்பட்ட பழுதை, அறிவிப்புக் கொடுத்தும் நியாயமான காலத்துக்குள் அவர் செய்யாவிட்டால், குடியிருப்பவர் தாமே செய்து அந்தச் செலவை வட்டியோடு வாடகையில் கழித்துக்கொள்ளலாம். அதே பிரிவின் இன்னொரு கூறு, இயல்பான தேய்மானம் நீங்கலாக குடிவந்தபோது பெற்ற நிலையிலேயே வீட்டை வைத்திருந்து திருப்பித் தர வேண்டும் என்றும், தம்முடைய செயலாலோ தம் பணியாளர், முகவர் செயலாலோ ஏற்பட்ட குறையை, அறிவிப்புக் கிடைத்த மூன்று மாதத்துக்குள் குடியிருப்பவர் சரிசெய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. அவர் அழைத்து வந்த மேஸ்திரியின் கைத்தவறு அவருடைய தவறாகவே கொள்ளப்படும் என்பது என் கருத்து.

கட்டைவிரல் குறி எழுத்து மூலமான ஒப்புதல் ஆகுமா? உங்கள் ஒப்பந்த வாசகத்தின்படி ஆகாது என்று நீங்கள் வாதிடலாம். "கேட்டேன், மறுக்கவில்லை, விரலையும் உயர்த்தினார்" என்று அவர் வாதிடலாம். அவருடைய வாதத்தை எள்ளி நகையாடிவிட முடியாது. இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63-ஆம் பிரிவின்படி உரிய சான்றிதழோடு தாக்கல் செய்தால் வாட்ஸ்அப் செய்தியும் ஆவணம்தான். அது இருவருக்கும் பொருந்தும்.

காலாவதியான ஒப்பந்தம் பற்றி: நீங்கள் வாடகையை வாங்கிக்கொண்டே இருந்ததால் அவர் அத்துமீறிக் குடியிருப்பவர் ஆகிவிட மாட்டார். ஆனால் புதிய சட்டம் எழுத்து மூலமான ஒப்பந்தத்தையும் வாடகை அதிகார அமைப்பில் அதன் பதிவையும் எதிர்பார்க்கிறது. இரண்டும் இல்லாமல் அதே சட்டத்தின் பலனைக் கேட்டுப் போனால், முதல் கேள்வியே உங்களை நோக்கித்தான் வரும்.

வாடகைவாசி | செவ்வாய், இரவு 8:05

விளக்கத்துக்கு நன்றி ஐயா. ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள். 2006-இல் பதித்த டைல்ஸும் பீங்கானும் எப்படியும் மாற்றும் வயதை எட்டிவிட்டவை. குடியிருப்பவர் சொந்தக் காசில் புதிதாக மாற்றித் தந்திருக்கிறார். நாளை அவர் காலி செய்தால், "வெஸ்டர்ன் வசதி உண்டு" என்று சொல்லி உரிமையாளர் வாடகையைக் கூட்டுவார். அந்தப் பலனைக் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

சட்டம்படித்தவர் | செவ்வாய், இரவு 8:40

கேட்காமல் செய்த மேம்பாட்டுக்கு விலை கேட்கும் உரிமை பொதுவாகக் கிடையாது. வெளியேறும் முன், தாம் பொருத்தியவற்றைக் கழற்றிக்கொண்டு, வீட்டை முன்பிருந்த நிலைக்குக் கொண்டுவந்து ஒப்படைக்கலாம். சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. பதித்த டைல்ஸை யார் கழற்றப் போகிறார்கள் என்பது வேறு விஷயம். ஆனால் நீங்கள் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது: இழப்பீடு கணக்கிடும்போது பத்தொன்பது ஆண்டுப் பழைய குளியலறைக்கு முற்றிலும் புதிய குளியலறையின் விலையை உரிமையாளர் கேட்க முடியாது. 74,000 என்ற எண்ணில் எவ்வளவு சேதத்துக்கு, எவ்வளவு புதுப்பித்தலுக்கு என்று பிரிக்காமல் அட்வான்ஸில் கை வைப்பது சரியாகாது.

ஒழுகும்கூரை | செவ்வாய், இரவு 10:30

நான் கீழ்வீட்டு ஆள். இந்தக் கீழ்வீடு இல்லை, வேறொரு குடியிருப்பில் இதே துன்பத்தைப் பதினான்கு மாதம் அனுபவித்தவன். மேலே நீங்கள் சட்டப் பிரிவுகளைப் பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் கீழே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். முதலில் கூரையில் தேநீர்க் கறை போல ஒரு பழுப்பு வட்டம் தோன்றும். அதன் ஓரத்தில் வெள்ளை உப்புப் பூக்கும். விரலால் தொட்டால் மாவு போல ஒட்டும். பிறகு வண்ணம் கொப்புளம் கட்டும், ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது பூச்சு இரண்டு கை அகலத்துக்குத் தோள்மேல் விழும். விழுந்த இடத்தில் துருப்பிடித்த கம்பி தெரியும். அந்தக் கம்பி தாங்குவது மேல்வீட்டின் தரையைத்தான் என்பதை மேல்வீட்டுக்காரர்கள் நினைத்துப் பார்ப்பதே இல்லை. நாங்கள் எட்டு மாதம் குடை பிடித்துக் கழிப்பறைக்குப் போனோம். இதை நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை.

உரிமையாளரும் குடியிருப்பவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டிக்கொண்டிருந்ததுதான் எங்களுக்கு நேர்ந்த பெரிய கொடுமை. யார் பணம் என்பதை நீங்கள் ஆண்டுக்கணக்கில் பேசிக்கொள்ளுங்கள். முதலில் சொட்டுவதை நிறுத்துங்கள்.

தளப்பொறியாளர் | புதன், காலை 7:10

கட்டுமானத் துறையில் இருபது ஆண்டுகளாக இருக்கிறேன். இந்த இழையில் எல்லோரும் பொறுப்பைப் பற்றிப் பேசுகிறீர்கள், ஆனால் நீர் எங்கிருந்து வருகிறது என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. அது தெரியாமல் பொறுப்பைப் பங்கிட முடியாது. முழுக் குளியலறையையும் உடைக்க வேண்டும் என்று பார்த்தவுடன் சொல்லும் ஒப்பந்ததாரருக்கும் அது தெரியாது. உடைத்துவிட்டால் யாருக்கும் எப்போதும் தெரியாது. சான்று சல்லியோடு லாரியில் ஏறிப் போய்விடும்.

குளியலறைக் கூரையில் சொட்டும் நீர் மூன்று வழிகளில்தான் வர முடியும்: நல்ல நீர் வரும் குழாய், கழிவு நீர்க் குழாயும் அதன் இணைப்புகளும், தரையின் நீர்த்தடுப்புப் பூச்சு. மூன்றும் மூன்று விதமாக ஒழுகும். நல்ல நீர்க் குழாயில் எப்போதும் அழுத்தம் இருப்பதால், குளியலறையை யாரும் பயன்படுத்தாவிட்டாலும் அது இரவு பகலாகச் சொட்டும். கழிவு நீர் இணைப்பு, தண்ணீர் ஊற்றிய சற்று நேரத்தில் சொட்டி, பிறகு நின்றுவிடும். தரைப் பூச்சு பழுதானால் மெதுவாக ஊறி, குளித்து முடித்து வெகுநேரம் கழித்தும் ஈரம் காட்டும்.

உங்கள் வீட்டில் இன்னொரு குளியலறை இருக்கும் என்று நம்புகிறேன். மூன்று நாள் இதைப் பூட்டிவிட்டு, வரிசை மாற்றாமல் இப்படிச் செய்யுங்கள். முதல் நாள் வால்வைத் திறந்தே வைத்து, ஆனால் ஒரு குவளை நீர்கூட ஊற்றாமல், கீழே சொட்டுகிறதா என்று பாருங்கள். சொட்டினால் அந்தக் குளியலறை வால்வை மட்டும் மூடிப் பாருங்கள். இரண்டாம் நாள், வால்வு மூடியபடியே இருக்கட்டும். வெளியிலிருந்து வாளியில் கொண்டுவந்து, தரையில் இருக்கும் நீர்ப்போக்கியைத் துணியும் பிளாஸ்டிக்கும் வைத்து அடைத்து, இரண்டு விரற்கடை உயரத்துக்கு நீர் தேக்கி 24 மணி நேரம் விடுங்கள். நீர்மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் தரையை வடித்துவிட்டு, கழிப்பறைக்குள் மட்டும் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைத் தாராளமாகக் கலந்து பத்துப் பன்னிரண்டு வாளி ஊற்றுங்கள். சிலர் மஞ்சள் கரைத்து ஊற்றச் சொல்வார்கள், வேண்டாம். அது சுண்ணாம்போடு சேர்ந்தால் ஆரத்தி நிறமாகிக் குழப்பும், பெரும்பகுதி சிமெண்டிலேயே தங்கியும்விடும்.

மூன்று நாளும் உரிமையாளர், குடியிருப்பவர், கீழ்வீட்டார், சங்கத்தில் ஒருவர் என நால்வர் கண் முன்னால் நடக்கட்டும். பின்னால் எவரும் முடிவை மறுக்க முடியாது.

ஒரு கிளைச் செய்தி: புதிதாக வரும் பல உயர்ந்த கட்டடங்களில் அலுமினிய அச்சு வைத்து, எல்லாச் சுவர்களையும் கான்கிரீட்டிலேயே வார்க்கிறார்கள். அங்கே குழாய் பதிக்கச் சுவரைக் கொத்துவது தூணைக் கொத்துவதற்குச் சமம். 2006-ஆம் ஆண்டுக் கட்டடம் பெரும்பாலும் செங்கல் சுவராக இருக்கும் என்பதால் உங்களுக்கு அந்தக் கவலை குறைவு.

சிங்கைவாசி | புதன், பிற்பகல் 3:25

சிங்கப்பூர் நிலவரத்தை ஒப்பீட்டுக்காகச் சொல்கிறேன். இங்கே வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் கூரை ஒழுகினால் மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் சேர்ந்து காரணத்தைக் கண்டறிந்து சரிசெய்வது கூட்டுப் பொறுப்பு. பெரும்பாலும் செலவும் இருவருக்கும் பங்காகிறது. புதிய வீட்டில் முதல் மூன்று ஆண்டுகள் குளியலறையின் தரை, சுவர்க் கற்களைப் பெயர்க்கவே அனுமதி இல்லை, நீர்த்தடுப்புப் பூச்சு கெட்டுவிடும் என்பதற்காக. கீழ்வீட்டுக்காரருக்கும் செலவில் பங்கா என்று இந்தியாவிலிருந்து வந்த புதிதில் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் இருவர் பணமும் இருப்பதால் இருவருமே விரைவாக முடிக்கப் பார்க்கிறார்கள் என்பதையும் கண்டிருக்கிறேன்.

ஒழுகும்கூரை | புதன், மாலை 6:00

மன்னிக்கவும், குடையும் நான் பிடித்து, பணமும் நான் கொடுப்பதா? அந்த முறை அங்கேயே இருக்கட்டும்.

முன்னாள்செயலாளர் | புதன், இரவு 9:15

பொறியாளர் சொன்னதை அப்படியே செய்யுங்கள். ஆனால் சோதனைக்காக வீட்டுக்குள் போவதற்கு, குறைந்தது 24 மணி நேரம் முன்னதாகக் குடியிருப்பவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். உங்கள் வீடுதான் என்றாலும், வாடகைக்கு விட்ட பிறகு நினைத்த நேரத்தில் சாவியைப் போட்டுத் திறக்க முடியாது. அறிவிப்பில் குற்றச்சாட்டு எதுவும் வேண்டாம்.

மூன்றாம்மாடி | 12 நாட்கள் கழித்து, ஞாயிறு, மாலை 5:50

சோதனை முடிந்தது. நேரில் வந்து மூன்று நாள் தங்கினேன். முதல் நாள் மாடியேறிப் போனபோது குடியிருப்பவரின் தாயார்தான் கதவைத் திறந்தார். "வாங்க தம்பி, எல்லாம் என்னாலதான் வந்தது" என்றார். அதற்குப் பிறகு, மனதில் தயாரித்து வைத்திருந்த பேச்சில் பாதியை நான் பேசவில்லை.

முதல் நாள் குளியலறை பூட்டியிருந்தும், கீழே நிமிடத்துக்கு நான்கைந்து சொட்டு விழுந்துகொண்டே இருந்தது. வால்வை மூடிய பின் மாலைக்குள் நின்றுவிட்டது. அதாவது சுவருக்குள் இருக்கும் பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் கசிகிறது. மேஸ்திரி உளி போட்டதால் கசிந்தது என்று நான் சொல்லத் தொடங்கியபோது, கீழ்வீட்டு அம்மா தம் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் தீபாவளிக்கு வெள்ளையடிப்பதற்கு முன்பு எடுத்த படம் அது; அதே இடத்தில், அதே குழாய்க்கு நேர் கீழே, உள்ளங்கை அளவு பழுப்புக் கறை. அப்போது என் குடித்தனக்காரர் வந்தே இருக்கவில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டாம் நாள் தேக்கிய நீரின் மட்டம் பென்சில் கோட்டிலிருந்து ஒரு விரல் தடிமன் இறங்கியிருந்தது. கழிப்பறைக்குப் பின்னால் இருக்கும் மூலையின் அடியில் கீழ்வீட்டுக் கூரை புதிதாக ஈரம் காட்டியது. மூன்றாம் நாள்தான் எல்லோரும் அண்ணாந்து பார்த்தபடி நின்றோம். நீல நீர் ஊற்றி நாற்பது நிமிடம் ஆகியிருக்கும். கூரையில் பழைய கறையிலிருந்து இரண்டடி தள்ளி ஒரு துளி திரண்டது. முதலில் நிறம் தெரியவில்லை, வெள்ளை வாளிக்குள் விழுந்த பிறகு நல்ல நீலம். குடியிருப்பவர் வாளியையே சற்று நேரம் பார்த்துவிட்டு, "இது என் மேஸ்திரி வேலை சார், இல்லையென்று சொல்ல மாட்டேன்" என்றார். அந்த மேஸ்திரி இப்போது கைபேசியை எடுப்பதில்லை.

தளப்பொறியாளர் | ஞாயிறு, இரவு 7:30

எதிர்பார்த்ததுதான். இந்தியக் கழிப்பறைக்காகப் போட்ட வளைகுழாயின் வாய் இருக்கும் இடமும், வெஸ்டர்ன் கழிப்பறையின் வாய் வந்து உட்காரும் இடமும் பெரும்பாலும் ஒத்துப்போகாது. அந்த இடைவெளியை ஒரு துண்டுக் குழாய் வைத்து, மேலே வெள்ளைச் சிமெண்டைப் பூசி மூடிவிட்டுப் போவது பல கொத்தனார்களின் வழக்கம். மேலே பார்க்கப் பளபளவென்றிருக்கும். ஆள் உட்கார்ந்து எழும் அசைவில் சில வாரங்களிலேயே விரிசல் விடும். மூலையில் இறங்கிய நீருக்குக் காரணம், உடைக்கும்போது சுவரடியில் ஏற்றிப் பூசியிருந்த நீர்த்தடுப்பை வெட்டிவிட்டு, மறுபடி பூசாமல் டைல்ஸை ஒட்டியதுதான்.

முழுக் குளியலறையையும் உடைக்கத் தேவையில்லை. கழிப்பறையைச் சுற்றியும் அந்த மூலையிலும் மட்டும் திறந்து, இணைப்பைச் சரியான பொருத்தியோடு மாற்றி, நீர்த்தடுப்புப் பூசி, மூடுவதற்கு முன் மீண்டும் 24 மணி நேரம் நீர் தேக்கிப் பாருங்கள். தரைக்கு நீர்ப்போக்கியை நோக்கி வாட்டம் விடச் சொல்லுங்கள். பழைய ஜிஐ குழாயைத் துண்டு போட்டு ஒட்டாமல், அந்தக் குளியலறைக்கு முழுவதுமாக சிபிவிசி என்ற துருப்பிடிக்காத பிளாஸ்டிக் குழாயாக மாற்றிவிடுங்கள்.

சட்டம்படித்தவர் | ஞாயிறு, இரவு 9:00

காரணம் பிரிந்துவிட்டதால் பொறுப்பும் பிரிந்துவிட்டது. குழாய் உங்களுடையது, அதிலும் முன்பே தெரிவிக்கப்பட்டது. இணைப்பும் மூலையும் அவருடையவை. கட்டைவிரலைச் சம்மதமாகவே எடுத்துக்கொண்டாலும், சம்மதம் நல்ல வேலைக்குத்தானே தவிர, ஒழுகும் வேலைக்கு இல்லை. கீழ்வீட்டுச் சேதம் இரண்டாலும் வந்தது. அதை எந்த விகிதத்தில் பங்கிடுவது என்று கணிதம் போல நிறுவ முடியாது, பேசித்தான் முடிக்க வேண்டும். முடித்ததை எழுதிக் கையெழுத்திடுங்கள்.

மூன்றாம்மாடி | 3 வாரங்கள் கழித்து, வெள்ளி, இரவு 8:20

முடிந்த விதத்தை எழுதிவிடுகிறேன், பிறருக்குப் பயன்படலாம். குழாய் மாற்றத்துக்கு 17,000 ரூபாய் ஆனது. அது என் செலவு. கழிப்பறை இணைப்பும் நீர்த்தடுப்பும் 31,000 ரூபாய். அது அவர் செலவு. கீழ்வீட்டுக்கு வேண்டிய 21,000 ரூபாயை முழுவதும் நானே அந்த அம்மாவிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டேன். அதில் 14,000 தம் பங்கு என்று குடியிருப்பவர் ஒப்புக்கொண்டார். பழைய கறை உள்ளங்கை அளவு, புதியது கூரையில் பாதி என்பதால் இருவருக்கும் அது நியாயமாகப் பட்டது. வேலையை நானே நடத்திப் பணம் கொடுத்துவிட்டதால் அவர் எனக்குத் தர வேண்டியது 45,000 ரூபாய். அட்வான்ஸில் கை வைக்கவில்லை. மாதம் 5,000 வீதம் ஒன்பது மாதத்தில் வாடகையோடு தருவார். சங்கத்துக்கும் முடிவுக் கடிதம் கொடுத்தாயிற்று. கீழ்வீட்டுக் கூரை நன்றாக உலர்ந்த பிறகே வண்ணம் பூச வேண்டும் என்பதால் அது மட்டும் பாக்கி.

புதிய ஒப்பந்தம் எழுதிப் பதிவுக்கும் கொடுத்துவிட்டோம். பழுது என்றால் எழுத்தில் தெரிவிப்பது, பத்து நாளுக்குள் நான் ஆம் அல்லது இல்லை என்று சொற்களில் பதில் தருவது, உடைக்கும் வேலை எதுவானாலும் நான் ஒப்புக்கொண்ட ஆளை வைத்துச் செய்வது என்று மூன்று வரி சேர்த்திருக்கிறோம்.

வாடகைவாசி | வெள்ளி, இரவு 8:55

மகிழ்ச்சி. அந்த வெஸ்டர்ன் கழிப்பறை இப்போது யாருடையது என்று எழுதினீர்களா?

மூன்றாம்மாடி | வெள்ளி, இரவு 9:10

எழுதினோம். அவர் காலி செய்யும்போது அது வீட்டோடு இருக்கும், அதற்கு நான் விலை தர வேண்டியதில்லை. அவர் இருக்கும் வரை அதைக் காரணம் காட்டி வாடகையைக் கூட்டவும் மாட்டேன். சுவரில் கைப்பிடிக் கம்பி ஒன்று வேண்டும் என்று அவருடைய தாயார் கேட்டார். அதை நானே வாங்கிக் கொடுத்து, துளை போடுமிடத்தில் நீர்த்தடுப்பு கெடாமல் பொருத்தச் சொல்லியிருக்கிறேன்.